ஆடத்தானே வந்தோம்!

விருதுநகர் மாவட்டத்து ஆமத்தூரில் நான் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் இடம் கால்பந்து மைதானம் இல்லை, ஹேண்ட்பால் கோர்ட். சிமெண்ட் தளம். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். இரண்டு முனையிலும் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் கோல் கம்பம்.

பெரிய மைதானம் இல்லாமல் இல்லை. ஊருக்கு வெளியே கரிசல் பொட்டல் கிடக்கிறது. கோடையில் கால்விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். ஐப்பசி மழை விழுந்தால் ஷூவோடு மண்ணும் சேர்ந்து நடக்கும். சுற்றிலும் சீமைக்கருவேலம். பந்து அதற்குள் போய்விட்டால் முள் குத்தி அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, சாயங்காலமானால் அங்கே பையன்களின் கிரிக்கெட். மூன்று ஸ்டம்பை நட்டுவிட்டால் அந்த இடம் அவர்களுடையது என்று ஊரே ஒப்புக்கொள்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள் அங்கே போய் ஓரமாக நின்று இடம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. கோர்ட்டுக்கு வந்துவிட்டோம்.

வந்த இடம் இந்த ஆட்டத்துக்கென்றே அளந்ததுபோல் அமைந்தது. அணிக்கு ஐந்து பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர் என்று கூடத்துக்குள் ஆடும் கால்பந்துக்கு ஃபுட்சால் என்று பெயர். 1930இல் உருகுவேயின் மாண்டெவிடியோ நகரத்தில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் இதை உருவாக்கினார். முதல் உலகக் கோப்பையை உருகுவே தன் மண்ணிலேயே வென்ற வருஷம் அது. ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கால்பந்துப் பைத்தியம்; ஆனால் இருந்ததோ ஒரு கூடம். அணிக்கு ஐந்து பேர், ஆட்ட நேரம் நாற்பது நிமிடம் என்ற கணக்கைக் கூடைப்பந்திலிருந்தும், கோல் அளவை ஹேண்ட்பாலிலிருந்தும் எடுத்துக்கொண்டார். அதனால்தான் ஹேண்ட்பால் கோர்ட் இருக்கிற பள்ளிக்கூடம் எதுவானாலும் அங்கே ஃபுட்சால் கோர்ட்டும் இருக்கிறது என்கிறேன். நம் ஊர் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இந்த ஒய்.எம்.சி.ஏ. சொந்தம்தான். 1920இல் சென்னையில் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்துதான் இந்த நாட்டில் எங்கள் படிப்பே ஆரம்பமாகிறது.

சின்ன இடம் என்பது குறை இல்லை. 105 மீட்டருக்கு 68 மீட்டர் மைதானத்தில் 22 பேர் ஆடும்போது ஆளுக்கு முந்நூறு சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. இங்கே ஆளுக்கு எண்பதுதான். பெரிய மைதானத்தில் ஒரு பிள்ளை ஓரத்தில் நின்றுகொண்டு ஆட்டம் முடியும்வரை பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போய்விடலாம். கூச்சமுள்ள பிள்ளை அப்படித்தான் செய்வாள். இங்கே அதற்கு வழியில்லை, பந்து அவளைத் தேடிவரும். அவள் அதை நிறுத்தியாக வேண்டும், அடுத்தவளுக்குக் கொடுத்தாக வேண்டும்.

நிறுத்துவதிலிருந்துதான் தொடங்குகிறேன். ஃபுட்சால் பந்து 4ஆம் எண் பந்து, சாதாரணப் பந்தைவிடச் சிறியது, எழும்பாதது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் எழும்பலில் 65 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. பந்து தரையோடு ஓடுவதால் பாதத்தின் அடியால் அமுக்கி நிறுத்தலாம், உருட்டலாம், பின்னால் இழுக்கலாம். வந்த புதிதில் எல்லாப் பிள்ளைகளும் கட்டைவிரலால் எட்டி உதைப்பார்கள். ‘உதைக்காதே, மிதி’ என்று சொல்லிச் சொல்லி, ஷூவின் அடிப்பாகம் பந்தின் மேல் தானாக வந்து உட்காரும்வரை இதையே செய்யச் சொல்வேன். சுவரில் அடி, திரும்பி வருவதை மிதி, இழு, திரும்பு. அலுப்பான வேலைதான். ஆனால் ஒருநாள் பந்து காலுக்கடியில் நின்றுவிடும். அன்றைக்குப் பிள்ளையின் தலை நிமிரும். பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண் ஆளைப் பார்க்கத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் அவள் கால்பந்து ஆடுகிறாள் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது நிற்கும் இடம். கடைசியில் ஒருத்தி, நடுவில் இரண்டு பக்கமும் இரண்டு பேர், முன்னால் ஒருத்தி. புத்தகங்களில் இதற்கு வேறு பெயர்கள் இருக்கின்றன, நான் பட்டம் என்று சொல்லிக்கொடுத்தேன். பட்டத்தின் ஒரு மூலை நகர்ந்தால் மற்ற மூன்றும் நகர வேண்டும், இல்லாவிட்டால் கிழிந்துவிடும். ‘பட்டம் கிழியுது’ என்று கோல்கீப்பர் கத்தினால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

விதிகளில் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. ஆஃப்சைடு கிடையாது. பந்து கோட்டைத் தாண்டினால் கையால் எறிவதில்லை, கோட்டில் வைத்துக் காலால் தள்ள வேண்டும். அதற்கு நான்கு விநாடிதான் அவகாசம். ஒரு பாதியில் ஓர் அணி செய்யும் ஃபவுல்களைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். ஆறாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை; 10 மீட்டர் தூரத்திலிருந்து அடிக்கலாம். கோல்கீப்பர் மட்டும்தான் எதிரில். ஆளைத் தள்ளிப் பந்தைப் பிடுங்கும் அணி இந்த ஆட்டத்தில் தேறாது.

ஆட்களை மாற்றும் விதியை மட்டும் நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெரிய கால்பந்தில் வெளியே வந்தவர் திரும்பப் போக முடியாது. ஃபுட்சாலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆட்டத்தை நிறுத்தவும் வேண்டாம். வெளியே இருப்பவள் மேலே ஒரு வண்ண மேலாடை போட்டிருப்பாள். அதற்குப் பிப் என்று பெயர். உள்ளே இருப்பவள் ஓடிவந்து கோட்டைத் தாண்டியதும் வெளியே இருந்தவள் பிப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, பெஞ்சுக்கு நேராகக் குறித்திருக்கும் 5 மீட்டர் இடைவெளி வழியாக உள்ளே ஓடுவாள். முந்திக் கால் வைத்தால் மஞ்சள் அட்டை. இந்தக் கைமாற்றலையே தனியாகப் பழக்கியிருக்கிறேன். பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஒருவருக்கு இந்த ஆட்டம் கொடுத்திருக்கும் பெரிய வரம் இந்த விதிதான் என்பது என் எண்ணம். ஏன் என்று புரிய, முதலில் இந்தப் பிள்ளைகளின் வீட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப்பேர் ஃபயர் ஆபீசுக்குப் போகிறவர்கள். பட்டாசு ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். விடிந்ததும் ஆலை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் இறக்கிவிடும். குழாய் சுருட்டுகிறவர்கள், திரி வைக்கிறவர்கள், சரம் பின்னுகிறவர்கள். அலுமினியப் பொடி புழங்கும் வேலை என்றால் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகும் நகத்தோரம் வெள்ளி நிறம் போகாது. அவர்கள் வீடு திரும்பும் நேரமும் எங்கள் பயிற்சி நேரமும் ஒன்று. தண்ணீர் பிடிக்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள, சோறு வைக்க மூத்த பெண் வீட்டில் வேண்டும். அவளைத்தான் நான் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

கோல்கீப்பராக நிற்கும் பிள்ளையின் அம்மா முதல் தடவை என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. “இவ வயசுல நான் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கிக்கிட்டு இருந்தேன் டீச்சர். விளையாட்டுன்னா என்னன்னே தெரியாது. இவளாவது ஆடட்டும். ஆனா இருட்டுறதுக்குள்ள அனுப்பிருங்க.” இருட்டுவதற்குள் அனுப்பிவிடுகிறேன். அது பேச்சு, அதில் மாற்றமில்லை.

வெடிமருந்துத் தொழிலுக்கும் பெண்கள் கால்பந்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்லும் கதை. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும், இங்கிலாந்தின் குண்டுத் தொழிற்சாலைகளில் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். இடைவேளையில் பந்து உதைத்தார்கள், அணி சேர்த்தார்கள். பிரெஸ்டன் ஊரில் போர்த்தளவாடம் செய்த ‘டிக், கெர்’ தொழிற்சாலைப் பெண்களின் அணி அதில் பெயர்பெற்றது. காயம்பட்ட சிப்பாய்களுக்காக நிதி திரட்ட ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருஷமே, 1921 டிசம்பரில், கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்ல என்று சொல்லி, தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடைபோட்டது. அந்தத் தடை முழுதாக நீங்க ஐம்பது வருஷம் ஆனது. தொழிற்சாலையில் வெடிமருந்து கையாளலாம், மைதானத்தில் பந்து உதைக்கக் கூடாதாம். இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு வரும் கோபத்தைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கும்.

நம் பக்கத்திலேயே சொல்ல நல்ல செய்திகள் இருக்கின்றன. மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை எடுத்தது. அந்தக் கிளப்பை நடத்தும் கல்லூரி இருப்பது எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டிப் பக்கம்தான். தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு 2018இல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் வென்றது. கடலூரிலிருந்து கிளம்பி இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். “ஆடினா போலீஸ் ஆகலாமா டீச்சர்?” என்று கேட்ட பிள்ளைகள் எங்கள் அணியில் உண்டு. ஃபுட்சாலில் ஆண்களுக்கு 1989இலேயே உலகக் கோப்பை வந்துவிட்டது. பெண்களுக்கு 2025 கடைசியில்தான் பிலிப்பைன்ஸில் முதல் உலகக் கோப்பை நடந்தது, பிரேசில் வென்றது. முப்பத்தாறு வருஷம் காத்திருந்திருக்கிறார்கள்.

போட்டிக்கு வருவோம். மதுரையில் ஒரு கல்லூரியின் உள்ளரங்கத்தில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஐவர் கால்பந்து என்று அழைப்பு வந்தது. ஒரே நாளில் எல்லா ஆட்டமும். பாதிக்குப் பத்து நிமிடம். காலையில் குழு ஆட்டங்கள், பிற்பகலில் அரையிறுதி. சிறுவர் போட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். இதில் பயிற்சியாளர் செய்யும் வேலை என்ன என்று பலருக்குத் தெரியாது. கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது என்று நினைக்கிறார்கள். கத்தினால் பிள்ளை பந்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். ஆட்டத்தின்போது நான் வாயைத் திறப்பது ஆட்களை மாற்றும்போது மட்டும்தான். மற்றதெல்லாம் முன்னாடியே செய்து முடிக்க வேண்டிய வேலைகள்.

உதாரணத்துக்கு முழங்கால். இந்த வயதில் ஓடித் திரும்பும் ஆட்டங்களில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து கூடுதல். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்காமல் பழக்க வேண்டும். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. பயிற்சிக்கு முன்னால் இருபது நிமிடம் ஒழுங்காக உடலைத் தயார் செய்தவர்களுக்குக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. செலவே இல்லாத மருந்து. ஆனால் போட்டியன்று அந்த இருபது நிமிடத்துக்கு அரங்கத்தில் இடம் கிடைக்காது. எங்கள் பிள்ளைகள் வண்டி நிறுத்துமிடத்தில் வேப்பமரத்தடியில் செய்தார்கள்.

அடுத்தது ரத்தம். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரண்டாவது ஆட்டத்தில் மூச்சு வாங்கி உட்காரும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை எங்கள் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வீசாமல் விழுங்குகிறார்கள் என்பதை நான் பார்த்துக்கொள்வேன். மாதவிலக்கு நாளைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவேன். என் பையில் நாப்கின் எப்போதும் இருக்கும், ஆட்ட டவுசர் கருநீலம். வெள்ளை டவுசர் இலவசமாகத் தர ஒருவர் முன்வந்தபோது, நிறத்தை மாற்றித் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். சாப்பாட்டுக்கு வாழைப்பழமும் கடலைமிட்டாயும் இட்லியும். எண்ணெய்ப் புரோட்டா ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு, விருதுநகர் வந்து.

பத்துப் பேரைக் கூட்டிப்போயிருந்தேன். இரண்டு கோல்கீப்பர், மற்ற எட்டுப் பேரை நாலு நாலாகப் பிரித்தாயிற்று. பிள்ளைகளே இரண்டு கூட்டத்துக்கும் சரவெடி, ராக்கெட் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம் வெளியே, மறு கூட்டம் உள்ளே. ஜெயித்தாலும் தோற்றாலும் இதுதான் கணக்கு என்று புறப்படும் முன்பே வண்டியில் சொல்லிவிட்டேன்.

எதிரணிகள் பலவற்றில் நல்ல ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் மட்டும் கடைசிவரை ஆடினார்கள். மற்ற பிள்ளைகள் சீருடையும் ஷூவும் போட்டுக்கொண்டு, வியர்வை ஒரு பொட்டு இல்லாமல், பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போனார்கள். இதைப் பார்க்க எனக்கு மனது ஆறவில்லை. அந்தப் பிள்ளை அன்று அங்கே வர வீட்டில் எவ்வளவு கெஞ்சியிருப்பாள்? திரும்பிப் போனதும் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: “ஆடினியா?” இல்லை என்று சொன்னால் அடுத்த போட்டிக்கு அனுமதி கிடையாது. ‘சும்மா உட்காரவா மதுரை வரைக்கும் போன?’ அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பையன் என்றால் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அடுத்த வாரம் தெருவில் ஆடிக்கொள்வான். பெண்பிள்ளைக்குத் தெருவும் இல்லை.

எல்லாரையும் ஆடவைப்பது தர்மம் பார்த்துச் செய்யும் காரியம் மட்டுமில்லை, ஆட்டத்துக்கும் அதுதான் பலம். மூன்றாவது குழு ஆட்டத்தில் எங்களை எதிர்த்து ஆடிய அணியின் ஐந்து பேரும் காலை முதல் ஓய்வில்லாமல் ஓடியவர்கள். எங்கள் பிள்ளைகளின் கால்கள் அப்போதும் ஓடின. 3-0.

அரையிறுதி கடைசிப் பாதியில் 1-1. எங்கள் பக்கம் ஐந்து ஃபவுல் ஆகிவிட்டது. ராக்கெட் கூட்டம் உள்ளே. அணியிலேயே சின்னவள், மறித்து ஓடிவந்த பெண்ணின் காலைத் தொட்டுவிட்டாள். ஆறாவது ஃபவுல். 10 மீட்டர் புள்ளியில் பந்தை வைத்தார்கள். எங்கள் கோல்கீப்பர் நான்கு அடி முன்னால் வந்து கைகளை விரித்து நின்றாள். பந்து அவள் இடது தொடையை உரசிக்கொண்டு உள்ளே போனது. 2-1. இன்னும் இரண்டு நிமிடம்.

சின்னவள் பெஞ்சைத்தான் பார்த்தாள். வெளியே வரச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் சொல்லவில்லை. “ஆடு. உன் நேரம் இன்னும் இருக்கு” என்றேன். அந்த நிமிடத்தில் அவளை வெளியே எடுத்திருந்தால் ஃபவுலையும் கோலையும் அவள் தலையிலேயே கட்டி வீட்டுக்கு அனுப்பியதாகும். அவள் ஆடினாள். கடைசியில் பந்தை மிதித்து, திரும்பி, நான் சொல்லிக்கொடுத்தது போலவே இடது பக்கம் ஒரு பாஸ் கொடுத்தாள். அதை வாங்கியவள் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. விசில் ஊதிவிட்டார்கள்.

“உங்க டீம்ல நல்லா ஆடுற அந்த இடதுகால்காரியைக் கடைசி வரைக்கும் உள்ளே வெச்சிருந்தா ஜெயிச்சிருப்பீங்க டீச்சர்” என்று அங்கிருந்த ஒரு பயிற்சியாளர் அக்கறையோடுதான் சொன்னார். ஜெயித்திருக்கலாம். நான் அடுத்த போட்டியிலும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் போகிறேன். பத்துப் பேரும் அன்று ஆடினார்கள், பத்துப் பேரும் அதன் பிறகும் பயிற்சிக்கு வருகிறார்கள். சின்னவளின் அம்மா ஒருநாள் ஆலை வண்டியிலிருந்து இறங்கிய கையோடு கோர்ட்டுப் பக்கம் வந்து, “அடுத்த பந்தயம் எப்ப டீச்சர்? நான் அன்னைக்கு லீவு போட்டுட்டு வந்து பாக்கணும்” என்றார்.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டிகளில், பெயர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் சில நிமிடமாவது கட்டாயம் ஆட வேண்டும் என்று உங்கள் விதியில் ஒரு வரி சேருங்கள். ஸ்கோர் எழுதுகிறவர் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டால் போதும். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரும்படி ஆட்ட நேரத்தை வகுங்கள். உடை மாற்ற ஓர் அறையைப் பூட்டுச் சாவியோடு கொடுங்கள். தலைமை ஆசிரியர்களுக்கு: ஹேண்ட்பால் கோர்ட் இருந்தால் வாரத்தில் இரண்டு சாயங்காலம் அதைப் பெண்பிள்ளைகளுக்கென்று எழுதி ஒட்டுங்கள், விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுக்காதீர்கள். பெற்றோருக்கு: ஒரு தடவை வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரை மணிக்கு ஆமத்தூர் கோர்ட்டில்தான் இருப்போம். புதிதாக ஆட வரும் பிள்ளைகள் ஷூ இல்லாமலும் வரலாம்.